கொம்பு விட்டுப்போன வாக்குமூலம்

ஒரு ஐகாரக் கொம்பு விட்டுப்போனதால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போனார். அதை முதலில் கண்டுபிடித்தவன் நான் இல்லை. அன்றைக்கு எனக்கு இந்த இரண்டாவது சங்கதிதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிற்றில் ஒரு மூலை இன்னும் எரியத்தான் செய்கிறது.

முப்பதுகளின் நடுவில் மலாக்கா டவுனில் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நான் நிருபர். நிருபர் என்றால் நான் ஒருவன்தான். கோர்ட்டு, கோயில் திருவிழா, கப்பல் வந்த செய்தி, கல்யாணம், சாவு எல்லாம் நானே. என் அப்பா ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் உத்தியோகம். லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளைகளின் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று சின்ன வயசிலேயே என்னை டவுனுக்கு அனுப்பி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டார். ஒட்டிக்கொள்ளவும் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பத்திரிகை அச்சானது டவுனின் தெங்கேரா பகுதியில், முன்னால் அச்சகமும் பின்னால் முதலாளி வீடுமாக நீண்டு கிடந்த ஒரு கடைவீட்டில். முதலாளியேதான் ஆசிரியர். அங்கே எழுத்துக் கோத்தவரை எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன் என்று அர்த்தம். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். மூன்றாவதுக்கு மேல் படித்ததில்லை. அச்சகத்துக்கு வருமுன் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்றவர். முதலாளியே என்னை "மிஸ்டர்" போட்டுக் கூப்பிடும் இடத்தில் இவர் என்னைத் "தம்பி" என்பார். எனக்குப் பிடிக்காது. வாய்விட்டுச் சொன்னதில்லை, முகத்தில் காட்டுவேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியாது. அது இன்னும் பிடிக்காது.

வழக்கு சின்னதுதான். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி இன்னொருவரைப் பால் வெட்டும் கத்தியால் தொடையில் வெட்டிவிட்டார் என்று கேஸ். வெட்டுப்பட்டவர் சாட்சி சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காயத்தின் நீளம், ஆழம் சொன்னார். விடியுமுன் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் இரண்டு பேரும் ஆஜரானதாகப் பதிவு இருந்தது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வக்கீல் கிடையாது. "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார்கள். அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுபோன குரலில் இரண்டே வாக்கியம் சொன்னார்.

"அன்னிக்கு அவன் வரலீங்க. அவன் வெட்ட நான் வெட்டுனேங்க."

கோர்ட்டுத் துபாசி தோட்டத்துப் பக்கம் கால் வைக்காதவர். தமிழை இலக்கணமாகப் பேசுகிறவர். முதல் வாக்கியம் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, இரண்டாவதை மட்டும் இங்கிலீஷில் சொன்னார்: அவன் என்னை வெட்ட, பதிலுக்கு நான் அவனை வெட்டினேன். தமிழ் படித்த எவரும் அந்த வாக்கியத்துக்கு அப்படித்தான் பொருள் சொல்வார்கள். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். ஒரு வருஷம் கடுங்காவல், ஆறு ரோத்தான் அடி. மேலே மனுப் போட அவகாசம் உண்டு, அந்த நாட்கள் கழிந்ததும் அடி. ரோத்தான் அடி என்றால் வாத்தியார் அடிக்கிற அடி இல்லை. மரச் சட்டத்தில் கட்டிவைத்துப் பின்புறத்துத் தோல் பிய்ந்துபோகப் பிரம்பால் அடிப்பது.

என் நோட்டில் அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் காதில் விழுந்தபடியே எழுதியிருந்தேன். கைவேகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் செய்தியாக்கும்போது துபாசியின் வழியே போனேன். முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, 'அவன் வெட்ட நான் வெட்டினேன் என்று எதிரி ஒப்புக்கொண்டான்' என எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நானா கோத்த எழுத்தைக் கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, 'வெட்ட'ன்னு எழுதியிருக்கீங்களே. ஐகாரக் கொம்பு விட்டுப்போச்சா? 'வெட்டை'யா?"

"வெட்டையாவது, மொட்டையாவது! எழுதுனத அப்படியே போடுங்க நானா."

"அதுக்கில்ல தம்பி, தோட்டத்துல வெட்டுன்னா..."

"எனக்குத் தோட்டம் தெரியாதா? எங்கப்பா கிராணி."

"அது சரி" என்றார். அந்த "அது சரி"யில் கிண்டல் இருந்ததா என்று நான் அன்று முழுதும் யோசித்தேன். இருந்திருக்காது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கே போயிருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் அச்சகத்துக்குள் நுழையும்போது முதலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நானா நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிவிட்ட மரங்களை அவரவர் 'வெட்டு' என்பார்கள். என் வெட்டு மேட்டுல, அவ வெட்டு ஆத்தோரம், இப்படி. 'அவன் வெட்டை நான் வெட்டினேன்' என்றால் அவனுக்குரிய மரங்களிலும் நானே பால் வெட்டினேன் என்று அர்த்தம். பேச்சில் அந்த ஐகாரம் தேய்ந்து 'வெட்ட' ஆகிவிடும். காயம்பட்டவர் முதல்நாள் சாயங்காலமே கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது சடக்கு என்கிற ரோட்டின் ஓரத்துப் பள்ளத்தில் தன் கத்தி மேலேயே விழுந்திருக்கிறார். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வராதவனைத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள். அதனால் பக்கத்து வெட்டுக்காரர் இருட்டில் அவர் பேருக்கும் தானே குரல் கொடுத்து, தன் மரங்களை முடித்த கையோடு அவர் மரங்களையும் வெட்டிப் பால் எடுத்துப் போயிருக்கிறார். மத்தியானம் டிரஸ்ஸர் காயத்தைப் பார்த்து அதட்டவும், காயம்பட்டவர் பயத்தில் "வெட்டுலதான் பட்டுச்சு" என்று உளறியிருக்கிறார். பக்கத்தில் யாருடைய வெட்டு என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சிநேகிதன் பேரைச் சொல்ல, 'அவன்தான் வெட்டினானா?' என்று மிரட்டியதும் தலையை ஆட்டிவிட்டார். உதவி செய்தவர் கூண்டில் ஏறினார்.

"அடேயப்பா!" என்றார் முதலாளி. "இத நீயே எழுது நானா. நீ சொன்ன மாதிரியே எழுது. எழுத்துப்பிழைய நான் பாத்துக்கறேன் லா."

நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். காதால் கேட்டவன் நான். தோட்டத்தில் பிறந்தவன் நான். 'நீயே எழுது' என்ற வார்த்தையைக் கேட்க நான் அந்த அச்சகத்தில் ஆறு வருஷம் காத்திருந்தேன். என்னிடம் சொன்னதெல்லாம் 'சுருக்கி எழுது' என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நானா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த ஆளு பாவம், கோர்ட்டுல முன்ன பின்ன வேறென்ன சொன்னாரு? உங்க நோட்டுல இருக்குமே."

"இருக்குதான்னு பாக்கணும்" என்றேன். இருந்தது. என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் நோட்டைப் பெட்டிக்குள், கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்தேன். ஒளிக்கிறேன் என்று என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை. பத்திரமாக வைக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

நோட்டு இல்லாமலே நானாவின் கட்டுரை அந்த வாரம் வந்தது. பேர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, தெங்கேரா முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில், பாசார் சந்தையில், துறைமுகத்தில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் சுற்றி நின்று கேட்டார்கள். எனக்குத் தஞ்சோங் கிளிங்கில் கடலோரமாக வாடகை வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் மீன் விற்கிறவர்கூட, "சார், அந்த வெட்டு கேஸு என்னாச்சு?" என்று கேட்கிறார். வீட்டுக்குள் போனால் என் மனைவி பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என் எழுத்து எதையும் அவள் கடைசி வரி வரைக்கும் படித்து நான் பார்த்ததில்லை.

"இத எழுதுனது யாருங்க?"

"நம்ம அச்சகத்து நானா."

"எழுத்துக் கோக்குறவரா?" என்று ஆச்சரியப்பட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவியாகக் கேட்டாள்: "அன்னிக்கு நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

பொறாமை பொறாமை என்கிறார்களே, அது மனசில் இருக்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அந்தப் பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மனிதருடைய வரிகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தன. ஒரு வரியில் வேற்றுமை உருபு தப்பு, இன்னொன்றில் சந்தி இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தேன். தப்புகளை எல்லாம் திருத்திப் படித்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

கட்டுரையைப் பார்த்துவிட்டு டவுனில் ஒரு வக்கீல், கேஸைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். ஆனால் அவர் ஒரு சிக்கல் சொன்னார். காயம்பட்டவர் இப்போது வாக்கு மாறினால், யாரோ மிரட்டி மாற்றியதாகச் சொல்வார்கள். கோர்ட்டுப் பதிவிலோ இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கிறது. எதிரி தமிழில் சொன்னதை அன்றைக்கே எழுதிவைத்த ஆதாரம் ஒன்று வேண்டும், அது இல்லாமல் மனுவை ஏற்கமாட்டார்கள். தான் 'அவன் வரல' என்றும் சொன்னதாக அந்த ஆள் ஜெயிலில் சொல்கிறார், அது எழுத்தில் கிடைத்துவிட்டால் போதும். வராதவன் எப்படி வெட்டியிருப்பான்?

நானா மறுபடி என்னிடம் வந்தார். "தம்பி, நோட்டு..."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் நானா. சும்மா சும்மா கேட்டா எப்படி?"

"மன்னிச்சுக்குங்க தம்பி. அடிக்கு நாள் நெருங்குதேன்னு கேட்டேன்."

கோபப்பட வேண்டிய இடத்தில் மன்னிப்புக் கேட்கிற மனிதரிடம் என்ன செய்வது! அவர் ஒருதரமாவது என்மேல் எரிந்து விழுந்திருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு ஒரு புத்தி வந்தது. நானும் தோட்டத்துக்குப் போவது. நானாவுக்குக் கிடைக்காததைக் கண்டுபிடித்து, நோட்டையும் சேர்த்து, என் பேரில் ஒரு கட்டுரை எழுதி நானே நேராக வக்கீலிடம் கொடுப்பது. ஜாசினுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து செம்மண் சடக்கில் நடந்தேன். லயத்துக்குள் நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி எழுந்து நின்றார்கள். யாரோ ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதில் நான் மட்டும் உட்கார்ந்தேன்.

"ஐயா பக்கத்துத் தோட்டத்துக் கிராணி மகனுங்களா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். அதற்குமேல் எதைக் கேட்டாலும், "ஆமாங்க", "தெரியாதுங்க", இவ்வளவுதான். நானா அதே வாசலில் குந்தி உட்கார்ந்து அவர்கள் கொடுத்த கோப்பித்தண்ணீரைக் குடித்தார் என்பது அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

ஜெயிலில் இருந்தவரின் மனைவி கடைசியாக வந்தார். வெட்டை முடித்துவிட்டு வந்த கோலம், சேலையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. "எல்லாத்தையும் நானாகிட்ட சொல்லிட்டோமுங்க" என்றார். பிறகு கொஞ்சம் கிட்டத்தில் வந்து, "கோர்ட்டுல ஒரு ஐயா எங்க வீட்டுக்காரரு பேசுனத எழுதி வச்சிருக்காராம். அந்த நோட்டு கெடச்சா போதும்னு நானா சொன்னாரு. அந்த ஐயா யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார்.

"விசாரிக்கிறேன்" என்றேன்.

"அடிக்கறதுக்கு முந்தி கெடச்சிருமுங்களா? ஒடம்பு தாங்காதுங்க அவருக்கு. முதுகுல ஏற்கெனவே வலி."

"கெடைக்கும்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது நேராக வக்கீலிடம் போயிருக்கலாம். நோட்டு வீட்டில்தானே இருந்தது. போகவில்லை. அந்த அம்மாவின் முகம் கண்ணில் நின்றது, பொய் சொல்லவில்லை. ஆனால் காதில் நின்றது 'நானாகிட்ட சொல்லிட்டோமுங்க' என்பதுதான். முதலில் கட்டுரையை எழுதிவிடுவோம், இரண்டையும் சேர்த்தே கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுதினேன். அடித்தேன், திருத்தினேன், மறுபடி முதலிலிருந்து எழுதினேன். நானா எழுதியதைவிட நன்றாக இருக்க வேண்டும். என் மனைவி அழவேண்டும். அவகாசத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதென்று விரல்விட்டு எண்ணிக்கொண்டேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளி எண்ணுவதா சேர்த்து எண்ணுவதா என்று ஜெயிலில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். தினமும் கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு அது தெரியாத வழியா!

நாலாம் நாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டுரையும் நோட்டுமாக வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். அவர் நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டி, அந்த இரண்டு வாக்கியத்தையும் விரல் வைத்துப் படித்தார். கட்டுரையைத் தொடவில்லை.

"இது போதும். ஆளை வெளியே கொண்டுவந்துவிடலாம்" என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நேற்றுக் காலையில் அடி கொடுத்துவிட்டார்களே."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் நாற்காலி கொண்டுவந்து போடவில்லை.

அவகாசம் தாண்டிய மனுவானாலும் அது மேலே போய், ஆளை விட்டுவிடச் சொல்லி உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆனது. நானா இரண்டாவது கட்டுரை எழுதினார். அதில் 'கோர்ட்டில் வரி விடாமல் எழுதிய நம் நிருபருடைய நோட்டு இல்லாவிட்டால் நியாயம் கிடைத்திருக்காது' என்று ஒரு வரி போட்டார். எந்தத் தேதியில் கொடுத்தேன் என்பதைப் போடவில்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். என் மனைவி அந்த வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டாள். நான் செத்துப்போய்விடலாமா என்று நினைத்தேன். அதே சமயம், இதையும் சொல்லிவிடுகிறேன், இப்படித் தாராளமாகக் கொடுக்கிற குணமும் இவனுக்கே வாய்க்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

விடுதலையான மறுவாரம் அந்தத் தொழிலாளி அச்சகத்துக்கு வந்தார். ஒரு வேட்டி, துவைத்த சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நானா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, "உக்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டார்.

"இல்லீங்க நானா, நிக்கிறேன்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நானா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான். இவரு நோட்டுதான் உங்களக் காப்பாத்துச்சு."

அவர் பழச்சீப்பை என் மேசையில் வைத்து, இரண்டு கையையும் கூப்பினார். எனக்குக் கை எழவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டார்.

"அத எப்பங்க எழுதுனீங்க?"

"நீங்க பேசும்போதே எழுதுனேன்."

"கோர்ட்டுலயேவா?"

"ஆமா."

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மனசுக்குள் நாளைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "அப்ப அடிக்கு முந்தியே இருந்துச்சுங்களா அது?"

நானா வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தம்பி தொலைச்சுட்டாரு, ராப்பகலாத் தேடுனாரு, பாவம், என்று எனக்காக ஒரு பொய் சொல்லுவார். அதையும் அவரே சொல்லி, என்னையும் அவரே காப்பாற்றிவிடுவார். அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு தடவை நான் அவரை முந்திக்கொண்டேன்.

"இருந்துச்சு" என்றேன். "வீட்டுல பெட்டியில வச்சிருந்தேன். வேணும்னேதான் குடுக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லவும் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. என் மேசையிலிருந்து பழச்சீப்பை எடுத்து நானாவின் கையில் கொடுத்தார். அவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து, நின்று, அடுத்த காலை வைத்து, மெல்ல இறங்கிப் போனார்.